ஓட்டை சேரும்

வண்டியின் அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டுதான் அவள் அந்தக் கெட்ட வார்த்தையைச் சொன்னாள். பதினெட்டு வருஷ வேலையில் அவள் வாயிலிருந்து யாரும் கேட்டிராத வார்த்தை. பக்கத்தில் குந்தி உட்கார்ந்து டார்ச் பிடித்துக்கொண்டிருந்த ஃபிட்டர், காதில் விழாதவர் போல டார்ச்சை வேறு பக்கம் திருப்பினார்.

"வெளிச்சத்த இங்க காட்டுங்கண்ணே. எதுக்கு மறைக்கிறீங்க? நல்லா தெரியட்டும்."

சரக்கு வண்டிகளுக்குப் பின்பெட்டி கட்டித்தரும் கம்பெனி அது. அதில் அவள் பிராக்கெட் வரைகிறவள். பெட்டியின் தரைப்பலகையை வண்டியின் இரும்புச் சட்டத்தோடு சேர்த்துப் பிடிக்கிற, உள்ளங்கை அகலத் துண்டு அது. இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் ஆறு. யார் கண்ணிலும் படாமல் உட்கார்ந்து பாரம் சுமக்கும், யாரும் ஒரு நன்றி சொல்ல மாட்டார்கள். "நம்ம பொம்பளைங்க பொழப்பு மாதிரி" என்று அவளே கேன்டீனில் சொல்லிச் சிரிப்பாள். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் வரைந்த பிராக்கெட்டில் ஒரு விசேஷம் உண்டு. அதன் முன் ஓரத்தில் மேல்நோக்கி ஒரு சின்ன மடிப்பு இருக்கும். டிரைவர் பிரேக் அடித்தால் சரக்கின் கனம் மொத்தமும் தரைப்பலகையை முன்னால் தள்ளும். அப்போது பலகைக்கு அடியில் குறுக்கே ஓடும் இரும்புப் பட்டை இந்த மடிப்பில் முட்டி நின்றுவிடும். போல்ட் பலகையைப் பிடித்துக்கொள்ளும், மடிப்பு தடுத்துக்கொள்ளும். பட்டறையில் அதற்கு 'உதடு' என்று பெயர். போல்ட்டே போதும், உதடெல்லாம் வீண் வேலை என்று மேனேஜர் ஆறு மாசம் மல்லுக்கட்டினார். அவள் விடாமல் நின்று உதட்டை வாங்கினாள்.

அந்த உதடு இப்போது டார்ச் வெளிச்சத்தில் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. இடப்பக்கத்து ஆறும் முன்னால் பார்த்தன. வலப்பக்கத்து ஆறும் பின்னால் பார்த்தன.

"ரெண்டு காலுக்கும் இடது செருப்ப மாட்டி விட்டிருக்கீங்க," என்றாள். "இது எல்லாமே இடப்பக்கத்துத் துண்டு. அப்படியே திருப்பி வலப்பக்கம் போட்டிருக்கீங்க. திருப்பினா உதடு பின்னாடி போகுமா போகாதா? ஒரு ஆளுக்கும் இது தோணலியா?"

"மூணு மாசமா இப்படித்தான் வருது மேடம்," என்றார் ஃபிட்டர் மெதுவாக. "எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. கேட்டேன். அனுமதிச் சீட்டு இருக்கு, கையெழுத்து இருக்கு, மாட்டுன்னாங்க. மாட்டிட்டேன்."

வலப்பக்கத்துப் போல்ட்கள் கத்தியால் நறுக்கியது போல அறுந்திருந்தன. முந்தாநாள் காலையில் குறுக்கே வந்த ஒரு சைக்கிளுக்காக இந்த வண்டியின் டிரைவர் பிரேக்கை மிதித்தார். சைக்கிள் தப்பித்துப் போய்விட்டது. பின்னால் இருந்த டைல்ஸ் பெட்டிகள் தரைப்பலகையோடு சேர்ந்து வலப்பக்கமாக முன்னேறி, டிரைவர் சீட்டை ஸ்டியரிங்கோடு வைத்து நெரித்துவிட்டன. வலது கால் இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. முழங்காலுக்கு எந்த உத்தரவாதமும் தர முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மேனேஜர் மேஜையில் அதற்கு ரிப்போர்ட் தயாராக இருந்தது. 'சரக்கு முறையாகக் கட்டப்படவில்லை. ஓட்டுநரின் கவனக்குறைவே காரணம்.' அதற்கு மூன்று கையெழுத்து வேண்டும். மேனேஜர் போட்டுவிட்டார். தரப் பரிசோதகரும் போட்டுவிட்டார். அந்தத் தரப் பரிசோதகர் வேறு யாருமில்லை, அவள் வீட்டுக்காரர்தான். மூன்றாவது கட்டம் அவளுக்காகக் காலியாக இருந்தது. வண்டியைப் பார்க்காமல் போட மாட்டேன் என்று காலையில் கீழே இறங்கி வந்தவள்தான் இப்படி மல்லாந்து கிடந்தாள்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்! கால் போனவன் தலையிலேயே குற்றத்தையும் கட்டிவிடுவது என்றால், அதைச் செய்கிறவர்களுக்கு வயிற்றில் என்னதான் இருக்கும்? வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள். முதுகில் அப்பியிருந்த கிரீஸைத் துடைக்கக்கூட இல்லை. ஃபிட்டர் கழற்றிக் கொடுத்த ஒரு பிராக்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, இரும்புத் தகட்டை அழுத்தி மடிக்கும் பிரஸ் ஷாப்புக்கு நேராக நடந்தாள்.

அங்கே இரண்டு இரும்புத் தொட்டிகள் இருந்தன. ஒன்றில் 'இடது' என்றும் மற்றதில் 'வலது' என்றும் அவள் கைப்பட எழுதி ஒட்டிய அட்டைகள் இன்னும் தொங்கின. வலது தொட்டிக்குள் கைவிட்டு ஒன்றை எடுத்தாள். அது இடது. இன்னொன்றை எடுத்தாள், அதுவும் இடது. தொட்டியை அப்படியே தரையில் கவிழ்த்தாள். அந்தச் சத்தத்தில் மூன்று மெஷின்கள் நின்றன.

"வலது எங்க?"

பிரஸ் ஆபரேட்டர் காதிலிருந்த பஞ்சை எடுத்தான். "வலது அடிக்கிற அச்சு, அந்த டை, ஒடஞ்சு போச்சு மேடம். புதுசு செய்ய நாலு வாரம் ஆகும்னாங்க. வண்டிங்க வரிசையா நிக்குது, லைன் நிக்கக் கூடாதுன்னு சத்தம். அதான் சீட்டு போட்டு இடதையே ரெண்டு பக்கமும் விட்டோம்."

"நாலு வாரம் முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு."

"சீட்டு இருக்குதே மேடம்," என்றான் அவன், சீட்டு என்பது கடவுள் கைப்பட எழுதிக் கொடுத்தது போல.

டிராயிங்கில் இடப்பக்கத்துத் துண்டை மட்டும்தான் வரைவார்கள். மூலையில் 'வலப்பக்கம் இதற்கு எதிர்மாறாக' என்று ஒரு வரி எழுதினால் போதும். கண்ணாடியில் தெரிவது போல மாற்றி அடித்துக்கொள்வார்கள். இந்தத் தொழிலில் எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள், அவளும் அப்படித்தான் செய்தாள். அந்த ஒரு வரியைப் படிக்காத கழுதை எது என்று தெரிந்துகொள்ளாமல் விடுவதில்லை என்று மாடிப்படி ஏறினாள்.

மாடி வராந்தாவில் போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் டிரைவரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். மடியில் ஒரு துணிப்பை, அதற்குள்ளிருந்து எக்ஸ்ரே உறை நீட்டிக்கொண்டிருந்தது. காலை எட்டு மணியிலிருந்து உட்கார்ந்திருக்கிறாள் என்று பியூன் சொன்னான். அவள் எதிரே தண்ணீர் டம்ளர் தொடப்படாமல் இருந்தது.

மேனேஜருக்குப் பட்டறையில் 'பாத்துக்கலாம்' என்று பெயர். கூரை ஒழுகினாலும், மெஷினில் ஷாக் அடித்தாலும், ஆள் குறைந்தாலும் அவர் வாயில் வருவது அந்த ஒரு சொல்தான். அவள் பிராக்கெட்டை அவர் மேஜைக் கண்ணாடியில் 'ணங்'கென்று வைத்தாள்.

"டிரைவர் மேல தப்பில்ல சார். வலப்பக்கம் எல்லாமே திருப்பி மாட்டியிருக்கு. இந்த ரிப்போர்ட்ட கிழிங்க."

அவர் பிராக்கெட்டைப் பார்க்கவில்லை, கண்ணாடியில் கீறல் விழுந்ததா என்றுதான் பார்த்தார். "உக்காரும்மா. ஏன் இவ்ளோ டென்ஷன்? வண்டிங்க சர்வீசுக்கு வரும்போது ஒண்ணொண்ணா மாத்திடலாம். பாத்துக்கலாம்."

"இதே மாதிரி எத்தன வண்டி வெளிய போயிருக்கு?"

"அறுபத்திரண்டு."

"ஒண்ணு கீழ நிக்குது. மிச்சம் அறுபத்தொண்ணு இப்ப, இந்த நிமிஷம், ரோட்டுல ஓடுது. ஒவ்வொண்ணுலயும் ஒரு ஆள் உக்காந்திருக்கான். சர்வீசுக்கு வரும்போதா? ஆம்புலன்ஸ்ல வரும்போதா?"

"சத்தம் போடாதம்மா, வெளிய அந்தப் பொண்ணு இருக்கு."

"கேக்கட்டும்! அவளுக்குக் கேக்கத்தான் சத்தம் போடுறேன். எவன் கையெழுத்து போட்டான் சார் அந்தச் சீட்டுல? வண்டிக்கு முன்பக்கம் எது பின்பக்கம் எதுன்னு தெரியாத எந்த முட்டாள் போட்டான்?"

மேனேஜர் இதற்காகவே காத்திருந்தவர் போல டிராயரைத் திறந்தார். ஒரு மஞ்சள் தாளை எடுத்து, எழுத்து அவளுக்கு நேராக இருக்கும்படி திருப்பி, விரலால் மெல்லத் தள்ளினார்.

டிராயிங்கிலிருந்து விலகி எதையாவது செய்ய அனுமதி தரும் சீட்டு அது. அவள் கையெழுத்து இருக்க வேண்டிய வடிவமைப்பாளர் கட்டத்தில், 'விடுப்பில் உள்ளார். ஃபோனில் கேட்டது. ஓட்டை சேரும் என்றார்' என்று எழுதியிருந்தது. கீழே தேதி. தேதியிலிருந்த ஏழுக்கு நடுவில் ஒரு சின்னக் கோடு. ஏழுக்குக் கோடு போடுகிற ஆள் அந்தக் கட்டிடத்திலேயே ஒருவர்தான். அவள் வீட்டுக் காலண்டரிலும், மகளின் காலேஜ் விண்ணப்பத்திலும், கேஸ் சிலிண்டர் வந்த தேதி எழுதும் சுவரிலும் அதே கோடு உண்டு.

"ரெண்டு பேரும் கலந்து பேசித்தானேம்மா போட்டிருக்கீங்க?" என்றார் மேனேஜர், குரலில் தேன் ஒழுக. "நான் உங்க ரெண்டு பேரையும் காப்பாத்தத்தான் பாக்குறேன். ஒரே வீட்டுல ரெண்டு வேல. யோசிச்சுக்கோ."

அவள் மஞ்சள் சீட்டையும் ரிப்போர்ட்டையும் பிராக்கெட்டையும் வாரிக்கொண்டு வெளியே வந்தாள்.

தரப் பரிசோதனை அறை வராந்தாவின் கடைசியில். அவள் கணவர் அளவுகோல்களைத் துடைத்து அதனதன் பள்ளத்தில் அடுக்கிக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அவருக்குப் பயம் வந்தால் எதையாவது துடைப்பார் என்று அவளுக்குத் தெரியும். நேற்று ராத்திரி வீட்டு அடுப்பை இரண்டு தடவை துடைத்தார். அப்போதே கேட்டிருக்க வேண்டும்.

கதவைச் சாத்தினாள். "இதுல எழுதியிருக்கறது என்னங்க?"

அவர் சீட்டைப் பார்த்தார். முகம் வெளுத்தது. "உங்க அம்மாவுக்கு இடுப்பு ஆபரேஷன் நடந்த அன்னிக்கு. லைன் நிக்குதுன்னு கீழ ஒரே சத்தம். உனக்கு ஃபோன் பண்ணேன்ல?"

"பண்ணீங்களா?"

"பண்ணேன். இடதையே ரெண்டு பக்கமும் போட்டா ஓட்டை சேருமான்னு கேட்டேன். சேரும்னு சொன்ன. உடனே வச்சிட்ட."

பொய் என்று கத்த வாயைத் திறந்தாள். அதற்குள் அந்த ஆஸ்பத்திரி வராந்தா கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. ஒரு கையில் அம்மாவின் வளையல்களும் பல் செட்டும் போட்ட பை, தோளுக்கும் காதுக்கும் நடுவே ஃபோன், எதிரே ஃபாரத்தை நீட்டும் நர்ஸ். ஓட்டை சேருமா என்று கேட்டார். நடுவிலிருந்து இரண்டு பக்கமும் ஒரே தூரத்தில் துளை வைத்தவள் அவள்தான், அவளுக்குத் தெரியாதா? சேரும் என்றாள். அது உண்மைதான். ஓட்டை கச்சிதமாகச் சேர்ந்தது, அதனால்தான் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

"ஓட்டை சேருமான்னுதான் கேட்டீங்க. உதடு எங்க பாக்கும்னு கேக்கல."

"நீயும் கேக்கல," என்றார் அவர்.

மாடிப்படி ஏறும்போது தேடிய கழுதை இரண்டு கழுதையாக அந்த அறைக்குள் நின்றுகொண்டிருந்தது. ஊரார் முதுகையெல்லாம் டார்ச் அடித்துப் பார்த்தவளுக்குத் தன் முதுகு தெரியவில்லை. அவமானத்தில் காது வரை எரிந்தது. ஆனால் அவமானம் வந்ததால் கோபம் போய்விடவில்லை, அது இன்னும் ஒரு படி ஏறியது. அவளுக்கு இன்னொரு கேள்வி மிச்சமிருந்தது.

"ரிப்போர்ட்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி வண்டிக்குக் கீழ பாத்தீங்களா, இல்லியா?"

அவர் அளவுகோலைத் துடைத்தார்.

"பாத்தீங்களான்னு கேக்குறேன்."

"பாத்தேன்."

"உதடு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது. உன் வேலையும் சேர்ந்து போயிடும்னு பயந்துட்டேன். பொண்ணு ரெண்டாவது வருஷம் படிக்கிறா. சத்தமில்லாம ஒண்ணொண்ணா மாத்திடலாம்னு அவரு சொன்னாரு..."

"எனக்காகன்னு சொல்லாதீங்க!" அவள் போட்ட சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டிருக்கும். "சீட்டுல போட்டது தப்பு. அதுல எனக்கும் பங்கு இருக்கு, நான் ஒத்துக்கறேன். ரிப்போர்ட்ல போட்டது தப்பு இல்ல, பாவம். தெரிஞ்சே போட்டிருக்கீங்க. ஆஸ்பத்திரியில கெடக்கிற ஒருத்தன் மேல தூக்கிப் போட்டுட்டு வீட்டுக்கு வந்து அடுப்பத் துடைச்சிருக்கீங்க. இத்தன வருஷம் கூட இருந்திருக்கேன். உங்கமேல இப்ப வர்ற வெறுப்பு இதுக்கு முன்ன ஒரு நாளும் வந்ததில்ல."

அவர் ஏதோ சொல்ல வந்தார். அவள் கேட்க நிற்கவில்லை.

வராந்தாவில் டிரைவரின் மனைவி எழுந்து நின்றுகொண்டிருந்தாள். பாதிப் பேச்சு அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். பையை மார்போடு அணைத்துக்கொண்டு, "அக்கா, ஒண்ணு சொல்றேன்," என்றாள். "அவரு கயிறு கட்டாம வண்டி எடுக்கவே மாட்டாரு. கட்டிட்டு ரெண்டு தடவ தொங்கிப் பாப்பாரு. எங்க கல்யாணத்துக்குக் கட்டில் ஏத்தினப்பக்கூட அப்படித்தான் தொங்கினாரு, எல்லாரும் சிரிச்சாங்க. கட்டலன்னு எழுதாதீங்கக்கா. அவரு கால் போனதக்கூடத் தாங்கிக்குவாரு, இதத் தாங்க மாட்டாரு."

"கயித்துல தப்பில்லம்மா. அவரு மேல எந்தத் தப்பும் இல்ல." பிராக்கெட்டை அந்தப் பெண்ணின் கையில் வைத்தாள். உதட்டைத் தொட்டுக் காட்டி, அது எந்தப் பக்கம் பார்த்திருக்க வேண்டும், எந்தப் பக்கம் பார்த்தது என்று சொன்னாள். ஃபோன் வந்ததையும், என்ன கேட்டார்கள், தான் என்ன பதில் சொன்னோம் என்பதையும் ஒன்று விடாமல் சொன்னாள். "நான் வரைஞ்சது. நான்தான் சரியா கேக்காம சேரும்னு சொன்னேன்."

அந்தப் பெண் பிராக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அழவில்லை, 'பரவாயில்லக்கா' என்றும் சொல்லவில்லை. நல்லவேளை, சொல்லியிருந்தால் இவளால் தாங்கியிருக்க முடியாது.

"எழுதிக் குடுங்க," என்றாள்.

பியூனின் ஸ்டூலில் வைத்து எழுதினாள். ரிப்போர்ட்டில் காரணம் என்றிருந்த இடத்தில் இருந்ததைக் குறுக்காக அடித்துவிட்டு, 'வலப்பக்கப் பிராக்கெட்டுகள் தவறாகப் பொருத்தப்பட்டன. ஓட்டுநர் மீது தவறில்லை. மற்ற அறுபத்தொரு வண்டிகளையும் உடனே நிறுத்த வேண்டும்' என்று எழுதி, தன் கட்டத்தில் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மஞ்சள் சீட்டையும் சேர்த்துப் படம் எடுத்து அந்தப் பெண்ணின் ஃபோனுக்கு அனுப்பினாள். மேனேஜர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, "என்னம்மா பண்ற, அது கம்பெனி பேப்பர்!" என்றார்.

"பாத்துக்கலாம் சார்," என்றாள்.

அந்தப் பெண் படத்தைப் பெரிதாக்கி மெல்ல வாசித்தாள். அறுபத்தொன்று என்ற இடத்தில் நின்றாள். "இதெல்லாம் இப்ப ஓடுதா?"

"ஓடுது."

"அவங்களுக்கு யாரு சொல்றது?"

மேனேஜர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். டிரைவரின் மனைவி மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்து ஃபோனைத் துழாவினாள். "எங்க வீட்டுக்காரரோட டிரைவருங்க குரூப்புல பாதிப் பேரு நம்பர் இருக்கு. கம்பெனி நம்பர்ல இருந்து போனா எடுக்க மாட்டாங்க, திட்டத்தான் கூப்பிடுறாங்கன்னு நெனப்பாங்க. நான் பேசுறேன்." முதல் எண்ணைத் தட்டி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணே, நான் அவரு வீட்டுல இருந்து பேசுறேன். வண்டிய ஓரமா நிறுத்துங்க. ஆமா, இப்பவே. தரையப் பிடிக்கிற இரும்பு தப்பா மாட்டியிருக்காம்."

எதிர்முனையில் ஹாரன் சத்தமும் வண்டிச் சத்தமும் மெல்ல அடங்கின. "நிறுத்திட்டேன்மா," என்றார் அந்த டிரைவர். "பிரேக் அடிச்சா சீட்டுக்குப் பின்னாடி ஏதோ நகருதுன்னு மூணு தடவ கம்பெனியில சொன்னேன். பாத்துக்கலாம்னு சொன்னாங்க. உங்க வீட்டுக்காரருகிட்டயும் சொன்னேனே. அவரும் கம்பெனியில சொல்லியிருக்காரு போல."

டிரைவரின் மனைவி நிமிர்ந்து பார்த்தாள். இவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. போய் ஃபோன் நம்பர்களோடு வண்டிகளின் பட்டியலை எடுத்துக்கொண்டு வந்து, பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, தன் ஃபோனை எடுத்தாள்.

பத்துப் பதினைந்து வண்டி ஆகியிருக்கும். வராந்தாவின் கடைசிக் கதவு திறந்தது. அவள் கணவர் வந்து நின்றார். ஸ்டூல் மேல் கிடந்த ரிப்போர்ட்டை எடுத்தார். தான் முன்பு போட்ட கையெழுத்தை அடித்துவிட்டு, அவள் எழுதியதற்குக் கீழே புதிதாகப் போட்டுத் தேதி எழுதினார். ஏழுக்குக் கோடு போட்டார்.

"நான் என்ன செய்யட்டும்?" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்க இன்னும் எத்தனை நாளாகுமோ அவளுக்கே தெரியாது. பட்டியலின் கடைசித் தாளைக் கிழித்து அவர் பக்கம் நீட்டினாள்.

"கீழ இருந்து ஆரம்பிங்க. எடுக்கலன்னா திரும்பத் திரும்பப் பண்ணுங்க."

உட்கார நாற்காலி இல்லை. அவர் சுவரோரமாக நின்றுகொண்டு கடைசி எண்ணை அழுத்தினார்.